பொய்க்காத பொறி

1841-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள். சீன நாட்டின் தென்புறத்துப் பெருந் துறைமுகமாகிய காண்டன் நகருக்கு வடக்கே, சான்யுவான்லி என்னும் சிற்றூரை அடுத்த வயல்வெளியில், பெருமழையினிடையே சிப்பாய்களின் கம்பெனி ஒன்று சிக்கிக்கொண்டது. அவர்கள் 37-ஆவது சென்னைச் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊதியத்திற்காகக் கடல் கடந்து, தமக்கு எவ்வகையிலும் பகைவரல்லாத மக்களோடு போரிடச் சென்றவர்கள். தம் மண்ணைக் காக்கத் திரண்டெழுந்த ஊர்மக்கள் ஓராயிரம் பேர், ஈட்டியும் நீண்ட கொக்கியுமாக அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். சிப்பாய்கள் நாற்சதுரமாக அணிவகுத்து நின்றனர். துப்பாக்கியின் விசையை இழுத்தனர். துப்பாக்கிகள் வெடிக்கவில்லை.

அவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். குதிரையின் வாயிலே கவ்விய கல், எஃகுத் தகட்டில் மோதிப் பொறி எழுப்ப வேண்டும். அப்பொறி சிறு கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்க வேண்டும். அந்நெருப்பு ஒரு நுண்துளை வழியே குழலினுட் புகுந்து, உள்ளே கெட்டித்த மருந்தை வெடிக்கச் செய்ய வேண்டும். கிண்ணியில் மழைநீர் நிரம்பியபின் கல்லிற் பொறி எழுந்தும் பயனில்லை. துப்பாக்கி வெறும் தடியாயிற்று. முனையிற் செருகிய கத்தி ஒன்றே துணையாயிற்று. பொழுது சாயும் வேளையில், அவர்களைத் தேடிவந்த கடற்படை வீரர் கம்பெனிகள் இரண்டு அவ்விடத்தை அடைந்தன. அதே மழையில், அதே இருளில், வந்தவர்களுடைய துப்பாக்கிகள் வெடித்தன, சூழ்ந்திருந்தவர் பலர் மாண்டனர், சிப்பாய்கள் மீண்டனர். வந்தவர் கையிலிருந்தவை கேப்புத் துப்பாக்கிகள். ஒரு பட்டாணியளவு செப்புத் தொப்பி, அன்று எவர் வாழ்வது, எவர் மாள்வது என்பதை முடிவு செய்தது.

அச்செப்புத் தொப்பியின் வரலாற்றையே இங்கு நாம் காணப் புகுகின்றோம். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் குழலைப் பேசுவர், குண்டைப் பேசுவர், மருந்தைப் பேசுவர். இவை அனைத்தையும் எழுப்பிவிடும் அந்தச் சிறு பொறியைப் பேசுவோர் சிலரே. ஆயினும் அது பொய்த்தால் மற்றவை அனைத்தும் பொய்த்தன என்பதே பொருள்.

பொறியைக் கண்டவர் போர்வீரர் அல்லர், ஒரு பாதிரியார். ஸ்காத்லாந்து நாட்டில் அபர்டீன் நகருக்கு அணித்தாக உள்ள பெல்ஹெல்வி என்னும் ஊரின் கோயிற் குருவாக இருந்தவர் அலெக்சாண்டர் ஜான் போர்சைத். நீர்ப்பறவை வேட்டையில் அவருக்கு நாட்டம் மிகுதி. சக்கிமுக்கித் துப்பாக்கியில் கிண்ணி மருந்து பற்றுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே ஒரு நொடிப் பொழுது கழியும். கிண்ணியின் ஒளியைக் கண்ட பறவை அந்த நொடியிலே நீருள் மூழ்கிவிடும். இக்குறையை எவ்வாறு நீக்கலாம் என்று ஆராய்ந்த போர்சைத், அடித்தால் வெடிக்கும் இரசாயனங்களின்மீது கருத்தைச் செலுத்தினார். அத்தகைய ஒன்றாகிய பாதரச ஃபல்மினேட்டை எட்வர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1800-ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தார்க்கு விளக்கியிருந்தார். வெடிமருந்துக்கு மாற்றாக அதைக் கொள்ள முயன்ற ஹோவர்டு, சோதனையிற் காயமுற்றதே கண்ட பயன். குழலைச் சிதைக்கும் அளவுக்கு அதன் வேகம் மிகுதி. மருந்தாகப் பயன்படாத அதனை, மருந்தைத் தூண்டும் பொறியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டதுதான் போர்சைத்தின் நுண்ணறிவு. 1807-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இக்கதையில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் வருகின்றார். ஆங்கிலேயப் படைக்கலத் துறைக்குத் தலைவராயிருந்த மொய்ரா பிரபு, போர்சைத்தை இலண்டன் கோபுரத்திற்கு அழைத்து, ஆராய்ச்சிக்கு இடமளித்தார். அவர் பதவி நீங்கியதும், அடுத்து வந்த சாத்தம் பிரபு, பாதிரியாரைத் தம் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறுமாறு பணித்துவிட்டார். அந்த மொய்ரா பிரபுவே பின்னர் 1813 முதல் 1823 வரை இந்தியாவின் கவர்னர்-ஜெனரலாக விளங்கிய ஹேஸ்டிங்ஸ் பிரபு ஆவார். கோபுரத்திலே அன்று அந்த ஆராய்ச்சி இடையறாது நடந்திருப்பின், சான்யுவான்லி வயலில் சென்னைச் சிப்பாய்கள் நனைந்த கல்லோடு நின்றிருக்க மாட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது. போர்சைத்துக்கு அரசாங்கம் அளித்த பரிசு மிகச் சிறிது. அதுவும் காலங் கடந்து வந்தது. அவர் 1843-இல் மறைந்தபின், ஆயிரம் பவுன் அவருடைய உறவினர் மூவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

போர்சைத்தின் கருவி, வாசனைப் புட்டி போன்ற ஒரு சிமிழிலிருந்து மருந்தைச் சிறிது சிறிதாக உதிர்ப்பது. அது வேட்டைக்காரருக்கு ஏற்றது, போர்க்களத்துக்கு ஏற்றதன்று. அம்மருந்தைச் செம்புத் தகட்டாலான சிறு தொப்பியினுள் அடைத்து, குழலின் முலைமேல் கவிழ்த்து வைக்கலாம் என்னும் எண்ணமே அதற்குப் படைவீரன் கையில் இடந்தந்தது. அதை முதலிற் கண்டவர் தாமே என்று உரிமை கொண்டாடியவர் பலர். ஆங்கில நாட்டிற் பிறந்து பிலடெல்பியாவிற் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா அவர்களுள் ஒருவர். வழக்கு எவ்வாறாயினும், 1820-ஆம் ஆண்டுகளில் கேப்பு ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. 1825-இல் பிரேக் நகரில் கேப்பு செய்வதற்கென்றே தொடங்கப்பெற்ற செல்லியர்-பெல்லோ நிறுவனம் இன்றும் தோட்டாவும் கேப்பும் செய்து வருகின்றது என்பது வியப்புக்குரியது.

புதுமையை அரசாங்கங்கள் எளிதில் ஏற்பதில்லை. எண்ணிக் காட்டினாலன்றி நம்புவதில்லை. அது நன்றே. 1834-இல் உல்விச்சில் நடைபெற்ற சோதனையை இங்கு நாம் சற்று நின்று நோக்க வேண்டும். சக்கிமுக்கித் துப்பாக்கி ஆறும், கேப்புத் துப்பாக்கி ஆறும் எடுத்துக்கொண்டனர். வகைக்கு 6,000 முறை, வெயிலிலும் மழையிலும் காற்றிலும் சுட்டனர். வெடிக்காது போனவற்றை எண்ணினர். கேப்பு ஒரு முறை பொய்த்த இடத்தில் கல் ஏறத்தாழ இருபத்தாறு முறை பொய்த்தது. பெருமை பேசியும் வழக்காடியும் தீராத ஒரு கேள்வியை, பொறுமையோடு எண்ணிய எண்கள் தீர்த்துவைத்தன. 1839 முதல் பழைய துப்பாக்கிகளையே கேப்புக்கு ஏற்ப மாற்றியமைக்கத் தொடங்கினர். எனினும் சோதனை நடந்து ஏழாண்டுகள் கழித்தும் சென்னைப் படையின் கையில் கல்லே இருந்தது. அறிவு பிறப்பது ஒருநாள். அது கடைசிச் சிப்பாயின் கைக்கு வருவது மற்றொரு நாள்.

கேப்பின் வரலாற்றில் வெற்றிகளே நிரம்பியுள்ளன என்று கருதிவிடலாகாது. தீபாவளிக்கு நம் சிறுவர் சுடும் சுருள் கேப்பை அறியாதார் இலர். தாட்சுருளில் வரிசையாக மருந்துப் பொட்டு வைத்த அப்பொருள், ஒரு காலத்தில் படைக்கலமாக இருந்தது என்றால் நகைப்புத் தோன்றும். வாஷிங்டன் நகரத்துப் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்டு 1845-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வீரன் ஒவ்வொரு முறையும் கேப்பை விரலால் எடுத்து வைக்க வேண்டுவதில்லை; குதிரையைப் பின்னிழுக்குந்தோறும் சுருள் தானே நகரும். அமெரிக்கப் படை 1855-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியில் இதனை அமைத்தது. மெருகெண்ணெய் பூசியும் தாள் ஈரத்தைத் தாங்கவில்லை, களத்திற் பொய்த்தது. 1861-ஆம் ஆண்டு மாதிரியில் அதை நீக்கிவிட்டுச் செப்புக் கேப்புக்கே மீண்டனர். ஐப்பசி மழையில் நனைந்த சுருளை வைத்துக்கொண்டு, சுட்டுச் சுட்டுப் பார்த்துச் சலித்த நம் சிறுவர்க்கு, அந்நாட்டு வீரரின் துயரம் எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் 1857-இல் எழுந்த பெருங்கிளர்ச்சிக்குத் தோட்டாத் தாளிற் பூசிய கொழுப்பு ஒரு காரணமாயிற்று என்பதை எல்லோரும் அறிவர். அதே கிளர்ச்சியில் கேப்புக்கு இருந்த இடத்தைப் பலர் நினைப்பதில்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் நாட்டில் கிடைத்தன. மருந்து இடிக்க வல்லவர் இருந்தனர். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பது எளிது. ஆனால் கேப்பு செய்யும் கலை ஊர்ப்பட்டறையில் அமைவதன்று. கையிலிருந்த இருப்புக் குறையக் குறைய, கிளர்ச்சியாளர்க்குக் கேப்புப் பஞ்சம் பெருந்துயராயிற்று. கேப்பு யார் கையிலோ, துப்பாக்கியும் அவர் கையிலே என்னும் பாடத்தை ஆள்வோர் மறக்கவில்லை. 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தைப் படித்தால் இது புலனாகும். துப்பாக்கிக் கல்லும் கேப்பும் அச்சட்டத்தில் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தப்பட்டன. ஈயமும் கந்தகமும் வெடியுப்பும் விலக்கப்பட்டன. பொருளைவிடப் பொறியே ஆட்சிக்கு அஞ்சத்தக்கதாக இருந்தது.

1866-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். குண்டு, மருந்து, கேப்பு ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடக்கும் தோட்டா அக்காலத்தில் உருப்பெற்று வந்தது. கூட்டின் அடியில் நடுவே பதிக்கப்பெறும் கேப்புக்குப் பிரைமர் என்று பெயர் வழங்கலாயிற்று. சுடும் ஊசி கேப்பின் முதுகில் அடிக்கும்போது, மருந்து நசுங்குவதற்கு உள்ளே ஒரு பட்டடை வேண்டும். அப்பட்டடையை எங்கு வைப்பது? அமெரிக்கரான ஹைரம் பெர்டான், கூட்டின் அடித்தட்டிலேயே அதை அமைத்து, நெருப்புச் செல்ல இருபுறமும் இரு துளையிட்டார். உல்விச் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்சர், பட்டடையைக் கேப்பினுள்ளேயே வைத்து, கூட்டின் நடுவில் ஒரே துளையிட்டார். விதியின் விளையாட்டால் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வேரூன்றின. 1869-இல் புனாவை அடுத்த கிர்க்கியில் தோன்றிய தோட்டாத் தொழிற்சாலையில் நம் படைக்கெனச் செய்யப்பெற்ற .303 தோட்டாவும் பெர்டான் முறையதே.

இவ்வேறுபாடு ஒரு பழக்கத்தையே பிறப்பித்தது. பாக்சர் கேப்பு சுட்டுத் தீர்ந்தால், நடுத்துளையின் வழியே ஒரு கம்பியைச் செலுத்தி எளிதில் தள்ளிவிட்டுப் புதிய கேப்பைப் பதிக்கலாம். பெர்டான் கேப்பை அங்ஙனம் எடுப்பது பெருந் தொல்லை. ஆதலால் சுட்ட கூட்டிலே மீண்டும் மருந்திட்டுச் சுடுவது அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர்க்குப் பொழுதுபோக்காகவும் சிக்கனமாகவும் பரவியது. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வதைச் சட்டம் தடுக்கின்றது. அதனால் இக்கலை இங்கு வளரவில்லை.

பிரைமரினுள் இட்ட மருந்தும் தன் பங்குக்குப் பல பாடங்களைக் கற்பித்தது. பாதரசம் பித்தளையைத் தின்று நொறுங்கச் செய்தது. அத்தகைய கூடு மறுமுறைக்கு உதவாது. பாதரசத்தை விலக்கிய பிறகும், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் விட்டுச் செல்வது நம் சமையலுப்பின் உடன்பிறப்பான ஓர் உப்பு. கடற்கரை ஊரில் இரும்புக் கதவு படும் பாட்டை நாம் அறிவோம். துப்பாக்கிக் குழலின் உட்புறம் அப்பாடு பட்டது. எண்ணெய் பூசினாலும் உப்புக் கரையாது, நீரிலேதான் கரையும். எனவே .303 சுட்ட வீரர்கள் குழலிற் கொதிநீர் ஊற்றிக் கழுவினர். துரு ஏறுவதற்கு உப்பே காரணம் என்பதை அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வாளர் ஹஃப் 1922-இல் ஐயமற நிறுவினார். 1927-இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனமும், 1928-இல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனமும் துருவேற்றாத பிரைமர்களைக் கொண்டுவந்தன. அமெரிக்கப் படையோ தன் பெருந் துப்பாக்கிகளுக்கு 1950-ஆம் ஆண்டுகள் வரை பழைய மருந்தையே வழங்கிற்று. துரு ஏறினாலும் தாழ்வில்லை, நெடுநாள் கிடந்தும் பொய்க்காத மருந்து வேண்டும் என்பதே அவர்தம் கருத்து.

அக்கருத்துக்குக் காரணம் உண்டு. 1917-இல், உலகப் போரின் நடுவே, பிலடெல்பியாவிலுள்ள பிராங்க்போர்டு படைக்கலச் சாலையின் தோட்டாக்கள் பொய்க்கலாயின. சில வெடிக்கவில்லை, சில ஒரு கணம் தயங்கி வெடித்தன. தரையிலே அது தொல்லை. வானத்திலே அது மரணம். விமானத்தின் சுழலும் விசிறி இதழ்களுக்கிடையே சுடுமாறு அமைந்த இயந்திரத் துப்பாக்கியில் ஒரு தோட்டா தயங்கினால், குண்டு தன் விசிறியையே துளைக்கும். பல்லாண்டுகள் நன்றாக உழைத்த அதே கேப்பு ஏன் திடீரெனக் கெட்டது? ஆராய்ந்தபோது, மருந்திலிருந்த கந்தகம் ஈரத்தால் அமிலமாக மாறியது தெரிந்தது. குளோரேட்டிற் கலந்திருந்த ஒரு மாசு அதை விரைவுபடுத்தியது. போர்க்கால அவசரத்தில் பெருகிய உற்பத்தியினிடையே இம்மாசு கண்ணுக்குத் தப்பியது. அதன்பின் வின்செஸ்டர் நிறுவனத்தின் கலவையை மேற்கொண்டு அச்சாலை நிலைமையைச் சீர்செய்தது. புகழ்பெற்ற பெயரோ நெடுநாள் வழக்கமோ ஒரு கேப்பை வெடிக்கச் செய்வதில்லை. ஒவ்வொரு நாளும் கலவையிற் செலுத்தும் கவனமே செய்கின்றது.

இதை மனத்திற் கொண்டு, தோட்டாவை மீண்டும் நிரப்பும் அமெரிக்கரிடையே நெடுங்காலமாக நிகழும் ஒரு வழக்கை நோக்குவோம். எந்த நிறுவனத்தின் பிரைமர் நம்பத்தக்கது? 1922-இல் அனோகா நகரில் தோன்றிய ஃபெடரலின் கேப்பு மென்மையானது, இலேசான அடிக்கும் வெடிக்கும் என்பர். 1951-இல் டிக் ஸ்பியர் என்பவர் லூயிஸ்டன் நகரிற் கண்ட சி.சி.ஐ. நிறுவனத்தின் கேப்பு கடினமானது, வலிய அடியை வேண்டும் என்பர். வின்செஸ்டரும் ரெமிங்டனும் இடைப்பட்டவை என்பர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கேப்பின் கிண்ணம் மெல்லியதாயின் எளிதில் நசுங்கும். தடித்ததாயின் வலிய அடி வேண்டும், ஆனால் மிகுந்த அழுத்தத்தையும் தற்செயலான மோதலையும் தாங்கும். எனவே மென்மை என்பது குணமும் ஆகும், குற்றமும் ஆகும். துப்பாக்கியின் விசைக்கு ஏற்றதா என்பதே கேள்வி.

ஆனால் இவ்வழக்கிற் சாட்சி சொல்வோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. “நூறு சுட்டேன், ஒன்றும் பொய்க்கவில்லை, ஆகவே இது குறையற்றது” என்பார் ஒருவர். கணக்கு வேறு சொல்கின்றது. நூற்றுக்கு மூன்று பொய்க்கும் இயல்புடைய மட்டச் சரக்காயினும், நூறு சுடும்போது ஒன்றும் பொய்க்காதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்று உண்டு. “ஒரு பெட்டியில் ஒன்று பொய்த்தது, இனி அப்பெயரையே தொடேன்” என்பார் மற்றொருவர். ஆயிரத்துக்கு ஒன்றே பொய்க்கும் நல்ல சரக்கை நூறு நூறாகப் பத்துப் பேருக்குக் கொடுத்தால், அவர்களுள் ஒருவர் ஏமாற்றம் அடைவது எதிர்பார்க்கத் தக்கதே. வெடித்த நூற்றை நாம் மறந்துவிடுகின்றோம். வெடிக்காத ஒன்றை ஆயுள் முழுதும் நினைவில் வைக்கின்றோம். உல்விச்சில் ஏன் 6,000 முறை சுட்டனர் என்பது இப்போது விளங்கும்.

மற்றொன்றும் கருதத் தக்கது. பிரைமர் பொய்த்தது என்று கூறப்படும் இடங்களில், குற்றம் பல வேளைகளில் பதித்தவர் கையில் இருக்கும். அடிவரை அழுந்தாத கேப்பில், ஊசியின் அடி அதனைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடிக்கு அது வெடிக்கும். எண்ணெய் படிந்த விரல், பலங்குன்றிய வில், குறுகித் தேய்ந்த ஊசி ஆகியவையும் கேப்பின்மேல் பழி சுமத்தும். தொழிற்சாலைகளோ பெயரை நம்புவதில்லை. ஒரு தொகுதியிலிருந்து மாதிரிகளை எடுத்து, அளந்த எடையுள்ள எஃகுக் குண்டை அளந்த உயரங்களிலிருந்து அவற்றின்மேல் விழவிடுகின்றனர். எவ்வுயரத்தில் அனைத்தும் வெடிக்கின்றன, எவ்வுயரத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை என்று காண்கின்றனர். வேண்டும்போது வெடிப்பது போலவே, வேண்டாதபோது வெடிக்காமையும் நம்பகத்தின் இலக்கணமாகும். வெடிக்காத தோட்டாவைக் கண்டவுடன் திறந்து பார்க்கலாகாது, குழலை இலக்கின் பக்கமே நீட்டி அரை நிமிடமேனும் பொறுக்க வேண்டும் என்று துப்பாக்கி மைதானங்களில் விதித்திருப்பதும், தயங்கி வெடித்த கேப்புகள் கற்பித்த பாடமே.

துப்பாக்கி எவர் கையிலிருந்தாலும் நாம் அதைப் போற்ற வேண்டுவதில்லை. சான்யுவான்லியில் கேப்பு காத்தது சென்னைச் சிப்பாய்களை. மாய்த்தது தம் ஊரைக் காக்க வந்தவர்களை. ஆயினும் இச்சிறு தொப்பியின் வரலாறு, துப்பாக்கியே தொடாதவர்க்கும் ஓர் உண்மையைச் சொல்கின்றது. மருத்துவமனையின் மருந்துக் குப்பி, இரயில் வண்டியின் தடைக்கருவி, சுரங்கத்துள் இறங்குவோன் விளக்கு என நம் வாழ்வு எத்தனையோ சிறு பொருள்களின்மேல் நிற்கின்றது. அவை பொய்க்குமா, பொய்க்காவா என்பதைப் பெயரைக் கேட்டும் நம்மால் அறிய இயலாது. ஒருமுறை கண்டும் அறிய இயலாது. யாரோ ஒருவர் மழையிலும் வெயிலிலும் நின்று, ஆயிரக்கணக்கில் சோதித்து, தவறியவற்றை மறைக்காமல் எழுதிவைத்தால் மட்டுமே அறியலாம். அவ்வாறு எண்ணப்பெற்ற கணக்கு, தக்க காலத்தில் கடைசி மனிதனின் கைவரை சென்று சேரவும் வேண்டும். 1834-இல் எண்ணி முடித்த கணக்கு, 1841-இல் அந்த வயலில் நின்றவர்களை எட்டவில்லை. அவ்வேழாண்டுத் தாமதத்தின் விலையை, கணக்கை அறியாத அவர்களே மழையில் நின்று கொடுத்தனர்.